மறுகால் தண்ணீர் குடிக்கும் மரம்

(செட்டியார்பட்டியில் ஒரு மார்கழி மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையின் மேல் ஈரத்துணி விரித்துப் பத்துப் பன்னிரண்டு விதைகள் வைத்திருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பேச்சு முடிந்ததும் அருகில் வந்து பார்க்கலாம். கட்டைவிரல் நுனி அளவு, தட்டையான உருவம், திருநீறு பூசினாற்போல் சாம்பல் படிந்த பச்சை. புன்னைக்காயல் பக்கம், தாமிரபரணி கடலோடு சேருகிற இடத்தில், ஓதம் வற்றிய பிறகு சேற்றில் ஒதுங்கிக் கிடந்தவை. மரத்திலிருந்து ஒன்றுகூடப் பறிக்கவில்லை. இந்த மரத்தின் பெயர் வெண்கண்டல். அலையாத்திக் காடு என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அந்தக் காட்டில் நம் தமிழ்நாட்டுக் கரையில் அதிகமாக நிற்கிற மரம் இதுதான்.

கூட்டத்துக்கு முன்னால் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி கேட்டார்: “கடல்கரை மரத்தைப் பத்திப் பேச மலையடிவாரத்து ஊருக்கு ஏன் வந்தீங்க? தூத்துக்குடியில போய்ப் பேசலாமே?” நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இன்று நான் பேசப் போவது முழுக்க அந்த அண்ணாச்சிக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து கடல் நேர்கோட்டில் 90 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். நமக்கு மேற்கே மலை. அதில் பெய்கிற மழை தேவியாறாக, நகரியாறாக, காயல்குடியாறாக இறங்குகிறது. வழியில் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்த ஆறுகள் எல்லாமே வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தண்ணீர் அர்ஜுனா நதி வழியாக வருகிறது. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கோயிலை ஒட்டி இரண்டு ஆறு கூடுகிறதே, அதில் ஒன்று அர்ஜுனா நதி, மற்றது வைப்பாறு. அங்கிருந்து கிழக்கே போய்ச் சிப்பிக்குளம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. ஆக, செட்டியார்பட்டிக்கும் ஒரு கடற்கரை உண்டு. நம் ஓடையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

மழைக்காலம் வந்தால் நாம் எல்லோரும் ஒரு வாக்கியம் கேட்கிறோம்; நாமே சொல்கிறோம். “இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது.” வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள் நாம். குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில் இருக்கிற வலி எனக்குத் தெரியும். என் அம்மா அந்த வரிசையில் நின்றவள். ஆனாலும் அந்த வாக்கியத்தில் இருக்கிற ‘வீணாக’ என்ற சொல் தப்பு. அந்தச் சொல்லுக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் இந்த மரத்தை அழைத்து வந்திருக்கிறேன்.

முதலில் மரத்தைப் பார்ப்போம்.

கண்டல் என்பது மிகப் பழைய சொல். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் பாடல்களில் புன்னை, தாழை, ஞாழலோடு கண்டலும் வருகிறது. மலையாளத்தில் இன்றைக்கும் கண்டல்தான். 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் இருந்த டச்சு ஆளுநர் வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பற்றி எழுதச்செய்த பெருநூலில் அந்தப் பெயர் ஏறியது. அங்கிருந்து தாவரவியலுக்குள் போய், இந்தக் காட்டு மரங்களில் ஒன்றுக்குக் கண்டேலியா என்றே பேர் வைத்துவிட்டார்கள். நம் வெண்கண்டலுக்கு அவிசென்னியா மெரினா என்று பேர். இபின் சினா என்ற பாரசீக மருத்துவ மேதையை ஐரோப்பியர் அவிசென்னா என்று அழைத்தார்கள். அவர் நினைவாக லின்னேயஸ் வைத்த பெயர். அலையாத்தி என்ற பெயரை அலையை ஆற்றுவது என்று பிரித்துச் சொல்கிறார்கள். சூடான பாலை ஆற்றுகிற மாதிரி, அழுகிற பிள்ளையை ஆற்றுகிற மாதிரி. அழகான பெயர்தான். எனக்கென்னவோ கண்டல் என்று சொன்னால்தான் வாய் நிறைகிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம் முத்துப்பேட்டைக்குப் போயிருந்தேன். ஜாம்புவானோடையில் படகேறினால் கோரையாற்று வழியாகக் காட்டுக்குள் போகலாம். இரண்டு பக்கமும் ஒரே மரம். ஆள் உயரம், இரண்டாள் உயரம். இலையின் மேற்புறம் நல்ல பச்சை. காற்று புரட்டினால் அடிப்புறம் வெள்ளை. வெண்கண்டல் என்ற பெயருக்குக் காரணம் அப்போது புரிந்தது. படகோட்டியவர் ஒரு கிளையைப் பிடித்து இழுத்து, “நாக்குல வச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். உப்பு. சாதாரணமாக இல்லை, ஊறுகாய் ஜாடியில் அடியில் படிந்திருக்குமே, அந்த மாதிரி உப்பு. இலையைச் சாய்த்து வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னுகிறது. மரம் வியர்த்து வியர்த்து வெளியே தள்ளியது அது.

கடல் தண்ணீரைக் குடித்தால் நமக்கு என்ன ஆகும் என்று தெரியும். நெற்பயிருக்கு ஊற்றினாலும் வாடும். இந்த மரம் எப்படிப் பிழைக்கிறது? வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. அதையும் மீறி உள்ளே வந்த உப்பில் சுமார் 40 சதவீதத்தை இலையில் இருக்கிற சுரப்பிகள் வழியாகக் கழித்துவிடுகிறது. 2021-ல் புவனேஸ்வரம் உயிர் அறிவியல் நிறுவனத்தாரும் தமிழ்நாட்டில் எஸ்.ஆர்.எம். ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த மரத்தின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மரத்தின் மரபணுவை எடுத்து நெல்லுக்குள் வைத்து, உப்புத் தண்ணீரைத் தாங்குகிற நெல் வருமா என்று பார்த்தார்கள். விறகுக்கு வெட்டிய மரத்திடம் விஞ்ஞானிகள் பாடம் கேட்கப் போயிருக்கிறார்கள்.

இப்போது வேர். அங்கே சேற்றில் காலை வைத்தால் முழங்கால் வரை போகும். எடுத்தால் கருப்பு. முட்டை அழுகின நாற்றம். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது. பிராணவாயு இல்லாத மண். வேர் மூச்சு விடாமல் எத்தனை நாள் இருக்கும்? அதனால் மரம் தன் வேரைக் கயிறு மாதிரி நாலாபக்கமும் சேற்றுக்கடியில் ஓடவிட்டு, அதிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே கிளப்புகிறது. நம் வேரெல்லாம் கீழே போகும், இது மேலே வருகிறது. ஒரு சாண் உயரம் இருக்கும். அதன் தோலில் பொடிப்பொடி துளைகள். ஓதம் வற்றியிருக்கும்போது காற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓதம் ஏறி மூழ்கினால் அந்தக் காற்றை வைத்துச் சமாளிக்கும். ஒரு சின்ன மரத்தைச் சுற்றியே இந்த மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நாற்றங்காலில் நாற்று நிற்கிற மாதிரி. ஆறு கொண்டுவருகிற வண்டல் இந்தக் குச்சிகளில் முட்டி வேகம் குறைந்து அங்கேயே படிகிறது. நம் மலையில் கரைகிற செம்மண்ணும் அப்படித்தான் கடைசியில் ஒரு கரையாக ஆகிறது.

சுரபுன்னைக்கு வேறு ஏற்பாடு. அதற்குக் கிளையிலிருந்து ஊன்றுகோல் மாதிரி வேர் இறங்கும். பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் அதுதான். எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’யில் படகு போகிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். அதே காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததும், கோயிலுக்கு அது தலமரமானதும் அதனால்தான். தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் அபாயம் இருக்கிறது. பிள்ளைகள் வருகிற கூட்டம் என்பதால் அதன் இலையைக்கூட நான் கொண்டுவரவில்லை.

விதைக்கு வருகிறேன். இந்த ஊரிலும் தளவாய்புரத்திலும் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிறது. நைட்டியைத் தைத்து, மடித்து, கவரில் போட்டு அனுப்புகிற அக்காமார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்த விதையும் அப்படித்தான். மேலே இருக்கிற மெல்லிய தோலை உரித்தால், உள்ளே பச்சையாக இரண்டு வித்திலைகள், ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக மடித்து வைத்தபடி இருக்கும். நடுவில் மயிர் முளைத்த குட்டி வேர். மரத்தில் தொங்கும்போதே உள்ளுக்குள் முளைத்துவிடுகிறது. சாதாரண விதையாக விழுந்தால் உப்புச் சேற்றில் அது முளைக்கும் முன்பே செத்துப்போகும். தாய் மடியிலேயே முளைத்து, பாதிப் பிள்ளையாக இறங்கி, தண்ணீரில் மிதந்து போய், எங்காவது சேறு கிடைத்தால் கவரைக் கழற்றிவிட்டு வேரை இறக்குகிறது.

எப்போது விழுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் கரையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகளில் வெள்ளம் வருகிறது. கழிமுகத்தில் உப்பின் காரம் இறங்குகிறது. அந்தச் சில வாரங்களில்தான் பிஞ்சு வேர் பிடிக்கமுடியும். வளர்ந்த மரம் கடல்நீரைப் போல இரண்டரை மடங்கு உப்பைக்கூடத் தாங்கிக்கொண்டு உயிரோடு நிற்கும். ஆனால் அது நன்றாகச் செழிப்பது எதில் என்று பார்த்தால், முக்கால் பங்கு கடல்நீரில். மீதிக் கால் பங்கு? அது ஆற்றுத் தண்ணீர். அண்ணாச்சி, நான் ஏன் இங்கே வந்தேன் என்பதற்குப் பாதிப் பதில் இந்தக் கால் பங்கில் இருக்கிறது.

மீதிப் பாதி முத்துப்பேட்டையில் இருக்கிறது.

காவிரி டெல்டாவின் தெற்குக் கடைசி அது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று சின்னச் சின்ன ஆறுகள் அங்கே ஒரு காயலில் வந்து விழுகின்றன. காயலையும் சேர்த்தால் சுமார் 12,000 ஹெக்டேர் சதுப்பு. டெல்டாக்காரர்கள் கடைமடை, கடைமடை என்று சொல்வார்களே, அந்தக் கடைமடைக்கும் அப்பால் இருக்கிற பாசனதாரர் இந்தக் காடு. சங்கம் வைத்து மனுக் கொடுக்க முடியாத பாசனதாரர்.

அங்கே நிற்பது கிட்டத்தட்ட முழுவதும் வெண்கண்டல்தான். படகில் போகும்போது அந்த ஒரே பச்சையைப் பார்த்து எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். ஒரு கண்மாய்க் கரையில் மருதும் நாவலும் அரசும் போய் வேலிக்கருவேலம் மட்டும் நின்றால் நாம் அதை வளம் என்று சொல்வோமா? உப்பை அதிகம் தாங்குகிற மரம் மட்டும் நிற்கிறது என்றால், தாங்காதவற்றுக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது என்று பொருள். 1934-ல் மேட்டூர் அணை வந்தது, டெல்டா விளைந்தது, லட்சக்கணக்கான குடும்பங்கள் சோறு தின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதே நேரத்தில் கடைமடைக்கு அப்பால் போகிற தண்ணீர் வருஷா வருஷம் சுருங்கியது. வெண்கண்டலுக்கும் வேலிக்கருவேலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: வெண்கண்டல் அந்த மண்ணின் சொந்தப் பிள்ளை. எல்லோரும் போன வீட்டில் கடைசியாக விளக்கேற்றிக்கொண்டு நிற்கிற பிள்ளை.

காடு அழிந்ததற்கு விறகு வெட்டுகிறவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும்தான் வெகுகாலம் குற்றம் சொன்னார்கள். ஆடு மாடு இதன் தழையை ஆசையாகத் தின்னும், உண்மைதான். குஜராத்தில் கட்ச் பக்கம் காராய் என்று ஓர் ஒட்டக இனம், கடல் கால்வாயில் நீந்திப் போய் இந்தத் தழையை மேய்கிறது. ஆனால் முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் காட்டின் உள்பகுதி மொட்டையானதற்கு வேறு காரணம் இருந்தது. வெள்ளையர் காலத்திலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்து அடியோடு வெட்டினார்கள். முத்துப்பேட்டையில் 1920களிலும் 30களிலும் அப்படி வெட்டியிருக்கிறார்கள். 1937-ல்தான் அது வனத்துறை கைக்கு வந்தது. பிச்சாவரத்தில் சுதந்திரத்துக்குப் பிறகும் கூறு போட்டு வெட்டுவது தொடர்ந்தது. வெட்டினால் மறுபடி முளைக்கும் என்பது மலைக்காட்டுக் கணக்கு. சதுப்பில் அந்தக் கணக்குச் செல்லவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு சுருங்கி, தட்டு மாதிரி உட்கார்ந்தது. ஓதம் ஏறும்போது தண்ணீர் அந்தத் தட்டுக்குள் வந்தது. இறங்கும்போது வெளியே போகவில்லை. தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சியது. வருஷத்துக்கு வருஷம் உப்பேறி, கடைசியில் வெண்கண்டலுக்கே தாங்கவில்லை. விதை வந்து விழுந்தாலும் கருகியது.

1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் பிச்சாவரத்தில் இதைக் கண்டறிந்தார்கள். மருந்து எளிது: வாய்க்கால் வெட்டு. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மீன்முள் மாதிரி. ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும். ஓதம் இறங்கும்போது அதே வழியில் வெளியே ஓடிவிடும். தேங்காது. உப்பு கழுவப்பட்டுப் போகும். வாய்க்கால் சரிவில் கண்டல் விதையை ஊன்றினார்கள். பிடித்துக்கொண்டது. பிறகு முத்துப்பேட்டை, ஆந்திரத்தில் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்கள் என்று அந்த முறை பரவியது. கிராமத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு செய்த இடங்களில்தான் வாய்க்கால்கள் தூர்ந்து போகாமல் நின்றன. முத்துப்பேட்டை மீனவர்கள் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது தலைமுறை தலைமுறையாக உண்டு. தண்ணீர் போய்வரும் வழியை விஞ்ஞானிகளுக்கு முன்பே மண்வெட்டி பிடித்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

கண்மாய் வரத்துக்கால் தூர் வாருகிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மடையும் மறுகாலும் இல்லாத கண்மாய் சாக்கடையாகும். வழி அடைபட்டால் மண் கெடும். அங்கேயும் அதே சங்கதிதான், தண்ணீர் மட்டும் உப்பு.

சரி, இந்த மரம் நின்றால் யாருக்கு என்ன? முதலில் வயிற்றைப் பற்றிப் பேசுவோம். வெண்கண்டலின் இலை பழுத்துச் சேற்றில் விழுகிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைப் பிய்க்கின்றன. அந்தத் துணுக்கை நண்டும் இறால் குஞ்சும் மடவையும் தின்கின்றன. அவற்றைக் கொடுவா தின்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். ஊசி முனை அளவு குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, மூச்சு வேர்களின் இடுக்கில் பதுங்கி, தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். பெரிய மீன் உள்ளே துரத்தி வரமுடியாதபடி அந்த வேர்கள் வேலி போட்டிருக்கின்றன. நமக்கு மலைக்கு மேல் ஒரு காடு இருப்பதால்தான் கீழே கிணற்றில் ஊற்று வருகிறது. கடலோரத்தில் ஒரு காடு இருப்பதால்தான் வலையில் இறால் வருகிறது. ராஜபாளையம் சந்தையில் கூடையில் கிடக்கும் மடவை எந்தக் கண்டலின் இலையை மேய்ந்ததோ, யார் கண்டது!

அந்த இறாலை வைத்தே காட்டுக்குக் கேடும் வந்தது. 1990களில் கடலோர நிலங்களை வெட்டி இறால் பண்ணைகள் போட்டார்கள். நாகப்பட்டினம் பக்கத்தில் விளைநிலத்தில் உப்பேறியது, குடிநீர் கெட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்றது. நடைமுறையில் அந்தத் தீர்ப்பின் பல் பிறகு வந்த சட்டத்தால் மழுங்கியது வேறு கதை.

அடுத்தது உயிர். டிசம்பர் மாதம் வந்தாலே கடற்கரை ஊர்களில் ஒரு மௌனம் இருக்கும். 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை வந்த நாள். அதற்கு மறுவருஷம் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது; டேனியல்சன் என்பவரும் அவர் குழுவினரும் கடலூர் மாவட்டக் கரையைப் பார்த்து எழுதியது. கடலைப் பார்த்து மணலில் இருந்த இரண்டு ஊர்கள் முற்றாக அழிந்தன. கண்டல் காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் தப்பின என்று அதில் காட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம், நீங்களும் கை தட்டுவீர்கள். முழு உண்மையைச் சொல்ல வேண்டுமே. வேறு ஆய்வாளர்கள் இத்தகைய கணக்குகளை மறுபடி போட்டு, தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததுதான் முக்கியக் காரணம் என்று வாதிட்டார்கள். ஆழிப்பேரலையை ஒரு காடு எவ்வளவு தடுக்கும் என்ற வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் புயலில் எழும் கடல்நீரைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் இல்லை. 1999 ஒடிசா பெரும்புயலில் கேந்திரபாரா மாவட்டத்துக் கிராமங்களைச் சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் இருவரும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே கண்டல் காட்டின் அகலம் கூடக்கூடச் சாவு குறைந்திருக்கிறது. தூரம், மேடு, குடிசையா கல்வீடா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் அப்படித்தான் வந்தது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே ஏறியது. முத்துப்பேட்டைக் காடு அடிபட்டு, இலை உதிர்ந்து, முறிந்து நின்ற படங்களைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. தென்னை விழுந்தால் நிவாரணம் உண்டு, சரிதான். கண்டல் விழுந்ததற்கு யார் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவது?

இந்தத் துக்கத்தைத் தன் வீட்டுத் துக்கமாக எடுத்துக்கொண்ட ஒருவரைச் சொல்கிறேன். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம், பழயங்காடி. கல்லேன் பொக்குடன் என்ற விவசாயக் கூலி. அதிகம் படிக்காதவர். 1980களின் இறுதியில், ஆற்றுக்கரை வரப்பில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மழைக்காற்றில் தள்ளாடுவதைப் பார்த்து, காற்றுக்கு மறைப்பாக இருக்கட்டும் என்று கண்டல் கன்றுகளை ஊன்ற ஆரம்பித்தார். முதலில் சில நூறு. பிறகு நிறுத்தவே இல்லை. ஊர் ஊராகப் போய் நட்டார். அவர் கையால் நட்டவை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பார்கள். தன் வாழ்க்கையைப் புத்தகமாகச் சொன்னபோது அதற்குப் பேரே கண்டல் காடுகளுக்கிடையில் என் வாழ்க்கை என்று வைத்தார். 2015-ல் காலமானார். கடைசி வரை ‘கண்டல் பொக்குடன்’ என்றுதான் மக்கள் அவரை அழைத்தார்கள்.

இந்திய வன அறிக்கை 2021-ன்படி நாடு முழுவதும் இந்தக் காடு 4,992 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கு 45. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை வைத்துக்கொண்டு நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். பிச்சாவரத்துக்கு 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்கிற ராம்சார் தகுதி கிடைத்தது. ராமநாதபுரம் காரங்காட்டில் ஊர் மக்களே படகு ஓட்டிக் காட்டைக் காட்டுகிறார்கள். நல்ல காரியங்கள். காட்டைச் சுற்றி வேலி போடுவது, கன்று நடுவது எல்லாமே கடற்கரையில் செய்யமுடியும். அந்தக் கால் பங்குத் தண்ணீரை மட்டும் கடற்கரையில் செய்யமுடியாது. அது மேலேயிருந்துதான் வரவேண்டும். இங்கேயிருந்து.

வைப்பாற்று முகத்துவாரத்துக்கு நானும் போயிருக்கிறேன். கோடையில் அது ஆறு என்று நம்புவது கஷ்டம். மணல்திட்டு, உப்பளம், கரையேறி வந்த வேலிக்கருவேலம். ஆங்காங்கே ஒதுங்கி நிற்கிற கண்டல் செடிகள், இடுப்பளவு உயரம்கூட இல்லை. ஒரு செடியின் இலையைப் புரட்டிப் பார்த்தேன். முத்துப்பேட்டையில் பார்த்த அதே வெள்ளை, அதே உப்பு. இந்தச் செடி எங்கள் மலைத் தண்ணீருக்குக் காத்திருக்கிறது என்று நினைத்தபோது, சொந்தக்காரர் வீட்டு வாசலில் வெறுங்கையோடு போய் நின்ற மாதிரி கூச்சமாக இருந்தது.

அண்ணாச்சி திரும்பக் கேட்பார்: “எங்க கண்மாய்க்கே தண்ணி இல்ல. மரத்துக்கு எங்கே விட?” கண்மாயைக் காயப்போட்டுக் கடலுக்கு விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்மாய் நிறையவேண்டும். அதற்கு வரத்துக்கால் அடைபடாமல் இருக்கவேண்டும். மலைமேல் சோலை நிற்கவேண்டும். இந்த மலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமானது. புலிக்காக மட்டும் அந்தக் காட்டைக் காப்பதாக நாம் நினைக்கிறோம், கீழே கடலோரத்தில் இறால் குஞ்சுக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆற்றில் மணல் அள்ளாதிருந்தால் நிலத்தடியில் தண்ணீர் நிற்கும். சாயக்கழிவும் சாக்கடையும் ஆற்றில் விழாதிருந்தால் போய்ச் சேர்கிற கொஞ்சத் தண்ணீரும் தண்ணீராகப் போய்ச் சேரும். நல்ல மழை வருஷத்தில் கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாயும்போது, அந்த மறுகாலை அடைக்காமல் விட்டால் போதும். நம் முன்னோர் கண்மாய் கட்டும்போதே மறுகாலையும் சேர்த்துக் கட்டினார்கள். கரை உடையாமல் இருக்கத்தான் என்று நாம் நினைக்கிறோம். கீழே இருக்கிறவனுக்குப் பங்கு விடுகிற ஏற்பாடும் அதுதான். கடைசி கண்மாய்க்கும் கீழே ஒருத்தர் இருக்கிறார் என்று மட்டும் நாம் இன்றைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கார்த்திகையில் மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு, இருக்கன்குடி தாண்டி, கடல்வரை போய்ச் சேர்ந்திருந்தால், அங்கே ஒரு விதை கவரைக் கழற்றி வேர் இறக்கியிருக்கும். அந்தத் தண்ணீரை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேரம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக மேசைக்கு வாருங்கள். ஒரு விதையை மட்டும் தோலுரித்து வைத்திருக்கிறேன். உள்ளே மடித்திருக்கிற இலையை விரலால் மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாம். மற்றவற்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் துணியிலேயே வையுங்கள். நாளைக் காலை தூத்துக்குடி பஸ்சில் இவை புன்னைக்காயல் சேற்றுக்குத் திரும்பிப் போகவேண்டும். துணி காயாமல் யாராவது கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.